பால்கனி விளக்கு மட்டும் உன் பெயரில்

சிரஞ்சீவி ஸ்ரீராமுக்கு அம்மாவின் ஆசீர்வாதம். இங்கே நான் சௌக்கியம். வாசல் கதவுதான் சௌக்கியமில்லை. லாட்ச் பெயர்ந்து தொங்குகிறது, காற்றடித்தால் தானே திறந்துகொள்கிறது, நாற்காலியை முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறேன்.

போனில் பேச வேண்டியதை ஏன் எழுதிக்கொண்டிருக்கிறாள் என்று நினைப்பாய். போனில் நான் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் நீ "அம்மா, லிஸன்" என்று ஆரம்பித்துவிடுகிறாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. அதோடு உனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும், அதனால் அவசரப்பட்டுத் தாண்டவும் முடியாது. இரண்டும் எனக்குச் சாதகம். வித்யா இன்று ஆபீஸ் விட்டு வரும்போது இங்கே மாட்டுங்காவில் இறங்கி இதை வாங்கிக்கொண்டு போகிறேன் என்றிருக்கிறாள். விஷயம் என்ன என்று அவளிடம் சொன்னேன். "உங்க ரெண்டு பேர் சண்டைக்குள்ள நான் வரலைம்மா, லெட்டரை மட்டும் கொண்டு போய்க் குடுத்துடறேன்" என்றாள். புத்திசாலி மாட்டுப்பெண். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், காரணங்களைப் பிறகு பொறுமையாகப் படி. ஞாயிற்றுக்கிழமை சாமான் ஏற்ற டெம்போ கொண்டுவர வேண்டாம். நான் சான்பாடாவுக்கு உன் வீட்டோடு இருக்க வரவில்லை. இந்த வீட்டை வாடகைக்கு விடப்போவதும் இல்லை. இங்கேதான் இருக்கப்போகிறேன்.

போன தீபாவளிக்கு நீ இந்த ஸ்மார்ட் பல்புகளைக் கொண்டுவந்தபோது நான் சந்தோஷப்பட்டது நிஜம். ஸ்டூல் மேல் ஏறி நின்று ஒவ்வொன்றாக மாட்டினாய். ஹாலில் ஒன்று, பெட்ரூமில் ஒன்று, கிச்சனில் ஒன்று. பால்கனிக்கு மட்டும் மழைச்சாரல் தாங்க வேண்டும் என்று வேறு கம்பெனி பல்பு, அதற்கு வேறு ஆப். எல்லாம் முடிந்த பிறகு என்னைச் சோபாவில் உட்காரவைத்து, உன் போனில் விரலை இப்படி அப்படித் தள்ளிக் காண்பித்தாய். ஹால் விளக்கு மஞ்சளாச்சு, வெள்ளையாச்சு, மங்கிற்று, பளிச்சென்று எரிந்தது. "புரிஞ்சுதாம்மா?" என்றாய். "புரிஞ்சுது, புரிஞ்சுது" என்று தலையாட்டினேன். ஒன்றும் புரியவில்லை. நீ சாப்பிடாமல் நின்றுகொண்டிருந்தாய், அடை ஆறிக்கொண்டிருந்தது, அதுதான் எனக்குக் கவலை. என் போனிலும் அதைப் போட்டுக்கொடு என்று அன்றைக்கே நான் கேட்டிருக்க வேண்டும். நீயும் கேட்கவில்லை. விளக்கு என் வீட்டில், அதன் கடிவாளம் உன் பாக்கெட்டில் என்று ஆனது அப்படித்தான். உன்னிடம் தப்பில்லை, என்னிடமும் பெரிதாக இல்லை. ஆனால் இனிமேல் யாருக்காவது எதையாவது கற்றுக்கொடுத்தால், "புரிஞ்சுதா" என்று கேட்காதே. போனை அவர்கள் கையில் கொடுத்து, நீங்களே போடுங்கள் என்று சொல்லிவிட்டுச் சும்மா நில். உன் பெண்ணுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும்போதும் இதே கதைதான், நீயே போட்டுவிட்டு அவளைத் தலையாட்டச் சொல்கிறாய்.

அப்புறம் ஆரம்பித்தன உன் போன்கள். மத்தியானம் பெட்ரூமில் லைட் எரிகிறதே, தலைவலியா? ஏழாகப் போகிறது, கிச்சன் லைட் போடலையே, இன்னிக்குச் சமையல் இல்லையா? தலைவலியும் இல்லை ஒன்றும் இல்லை, அலமாரியில் ஒரு புடவை தேடினேன். சமையல் இல்லாததற்குக் காரணம் ஜெயா மாமி கொடுத்தனுப்பிய சேவை. இப்படி ஒவ்வொரு விளக்குக்கும் உனக்குப் பதில் சொல்லிச் சொல்லி, கடைசியில் விளக்குப் போடுவதற்கே யோசிக்க ஆரம்பித்தேன். ஒரு நாள் சாயங்காலம், போட்டால் நீ கூப்பிடுவாயே என்று அரை இருட்டில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கினேன் என்றால் நம்புவாயா? நறுக்கி முடித்த பிறகு எனக்கே என்மேல் கோபம் வந்தது. முப்பது வருஷம் பம்பாய்க் கோட்டைப் பக்கம் ஆபீஸ் போய் வந்தவள், மானேஜர் முகத்துக்கு நேரே "முடியாது சார்" என்று சொன்னவள், சொந்தப் பிள்ளைக்குப் பயந்து இருட்டில் காய் நறுக்குகிறேன்.

வெள்ளிக்கிழமைப் பாராயணக் கதையை உன்னிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. ஹாலில் ஏழெட்டு மாமிகள் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருக்கிறோம், பாதியில் ஹால் முழுக்க ஊதா நிறம். வாசிப்பு நிற்கவில்லை, எல்லார் கண்ணும் மட்டும் மேலே போயிற்று. அடுத்த நிமிஷம் பச்சை. ஜெயா மாமி புஸ்தகத்தை மூடி, கன்னத்தில் போட்டுக்கொண்டு, "அம்பாளே வந்துட்டா போல இருக்கேடி!" என்றாள். அம்பாள் வரவில்லை. சான்பாடாவில் உன் பெண் தியா உன் போனை எடுத்து விளையாடிக்கொண்டிருந்தாள். குழந்தை, அவளைச் சொல்லி என்ன? ஆனால் மாமிகள் போன பிறகு நான் சுவிட்சுக்குப் பக்கத்தில் போய் நின்று, இந்த வீட்டில் நான் யார் என்று யோசித்தேன்.

இனி கதவு உடைந்த விஷயம். அப்பாவின் பழக்கம் உனக்குத் தெரியும். வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினால் முதலில் காஸ் வால்வு, அப்புறம் குழாய், கடைசியில் மெயின் சுவிட்ச். ஃப்ரிட்ஜுக்கு மட்டும் தனி லைன் இழுத்து வைத்திருந்தார், மற்றதெல்லாம் அணைந்தாக வேண்டும். பழைய கட்டடம், பழைய வயரிங், மழைக்காலத்தில் மேல்மாடியில் ஒரு தடவை போர்டு கருகியதைப் பார்த்ததிலிருந்து வந்த பயம். படி இறங்கிப் பாதியில் நின்று, "மெயின் அணைச்சேனா?" என்று திரும்ப ஏறுவார். நான் எத்தனை சினிமாவுக்கு முதல் சீன் பார்க்காமல் இருந்திருக்கிறேன் தெரியுமா! அவர் போன பிறகு அந்தக் கை எனக்கு வந்துவிட்டது. அன்றைக்கும் கோயிலுக்குக் கிளம்பும்போது மெயினை அணைத்தேன். ரௌட்டரும் அதிலேதான் இருக்கிறது என்பதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. கோயிலில் போனை ஊமையாக்கினேன். வெளியே வந்து திரும்ப அதற்குக் குரல் கொடுக்க மறந்தேன். கிங்ஸ் சர்க்கிளில் வாழைப்பூ நன்றாக இருந்தது, வாங்கினேன். ஜெயா மாமியைப் பார்த்தேன், காப்பி சாப்பிடலாம் என்றாள், உட்கார்ந்தோம்.

அதற்குள் சான்பாடாவில் உன் போனில் என் வீடு மொத்தமும் செத்துப்போயிருந்தது. எல்லா விளக்கும் 'ஆஃப்லைன்'. என்னைக் கூப்பிட்டாய், எடுக்கவில்லை. மறுபடி, மறுபடி. எதிர்வீட்டு ஷிண்டே காக்குவைக் கூப்பிட்டாய். அவள் மணியை அழுத்தினாள், மெயின் அணைந்திருக்கும்போது மணி எங்கிருந்து அடிக்கும்? கதவைத் தட்டினாள். "காக்கு, தோட் தோ தர்வாஸா!" என்று கதவை உடைக்கச் சொல்லி நீ போனில் கத்தினாயாம். வாட்ச்மேனும் கீழ்வீட்டுப் பையன்கள் இரண்டு பேரும் தோளால் முட்டி உடைத்தார்கள். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்? அப்பா இருந்திருந்தால் வெளியே நவ்தால் பூட்டு தொங்கியிருக்கும், பார்த்தவுடன் ஆள் இல்லை என்று தெரிந்திருக்கும். பூட்டெல்லாம் பழைய பழக்கம், லாட்ச் போதும் என்று சொன்னதும் நீதான். நான் வாழைப்பூவும் கையுமாகப் படியேறி வருகிறேன், மாடி முழுக்கக் கூட்டம். என்னைப் பார்த்ததும் காக்கு ஓடிவந்து கட்டிக்கொண்டு அழுதாள். "கஹா(ங்) கயீ தீ தும்?" எங்கே போய்த் தொலைந்தாய் என்று முதுகில் ஒரு அடியும் வைத்தாள். நான் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்து, "க்யா ஹுவா, கிஸ்கோ ஹுவா?" என்று கேட்டேன். எனக்குத்தான் ஆகியிருக்கிறது என்று அப்புறம்தான் தெரிந்தது.

நீ வடாலாவில் வண்டி மாறி, ஸ்டேஷனிலிருந்து ஓடி வந்து சேர்ந்தபோது உன் சட்டையெல்லாம் நனைந்திருந்தது. கதவைப் பார்க்கவில்லை, கூட்டத்தைப் பார்க்கவில்லை, நேரே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாய். இறுகப் பிடித்தபடியே நின்றாய். பிறகு கத்தினாய். "இனிமே ஒரு நாள்கூட நீ இங்கே தனியா இருக்கக் கூடாது. சண்டே டெம்போவோட வரேன். டிஸ்கஷனே கிடையாது." அந்த நேரத்தில் நான் உனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். நான் ஒத்துக்கொண்டதாக நீ எடுத்துக்கொண்டாய். ஒத்துக்கொள்ளவில்லையடா, முதலில் உன் பதற்றம் அடங்கட்டும் என்று காத்திருந்தேன்.

அந்தப் பதற்றம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அப்பா போன நாள் நான் செம்பூரில் ஒரு சீமந்தத்துக்குப் போயிருந்தேன். விளக்கு வைக்கும் நேரத்தில் நீதான் வந்து கதவைத் திறந்தாய். வீடு இருட்டாக இருந்தது. அப்பா தூங்குகிறார் என்று நினைத்து, அவரை எழுப்பக்கூடாது என்று ஹால் விளக்கைக்கூடப் போடாமல் சோபாவில் உட்கார்ந்து நான் வருவதற்காகக் காத்திருந்தாய். நான் வந்து சுவிட்சைப் போட்ட பிறகுதான் இருவரும் பார்த்தோம். அதைப் பற்றி நீ என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் அதற்கப்புறம் நீ இந்த வீட்டுக்கு எப்போது வந்தாலும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் ஹால் விளக்கைப் போடுகிறாய், உச்சி வெயிலில்கூட. நான் கவனித்திருக்கிறேன். விளக்கு போட்டிருந்தால் அப்பா பிழைத்திருப்பார் என்று உன் மனதில் ஒரு மூலையில் இருக்கிறது. இல்லை, கண்ணா. டாக்டர் தெளிவாகச் சொன்னார், அவர் போய் நேரமாகியிருந்தது, நீ வரும்போது அவர் இல்லை. இதை நான் அன்றே உன்னை உட்காரவைத்துச் சொல்லியிருக்க வேண்டும். என் துக்கத்தில் எனக்குத் தோன்றவில்லை. இப்போது சொல்கிறேன், இந்த வரியை இரண்டு தடவை படி.

நீ கத்திவிட்டுப் போன மறுநாள் காலையில் காப்பி குடித்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, விளக்குகளை என் பெயருக்கு மாற்றுவது என்று உட்கார்ந்தேன். ஆபீஸில் டைப்ரைட்டர்களை எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்தபோது, எங்கள் செக்ஷனில் பாதிப் பேர் தொட்டால் வெடிக்கும் என்று தள்ளி நின்றார்கள். நான் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தனியாக உட்கார்ந்து ஒவ்வொரு பட்டனாகத் தட்டிப் பார்த்துக் கற்றுக்கொண்டவள். ஒரு பல்புக்கா பயப்படுவேன்? போனில் ஒரு பெண் ஹிந்தியில் வீடியோ போட்டிருந்தாள். சுவிட்சைப் போட்டு அணை, போட்டு அணை, பல்பு கண் சிமிட்டும் வரை செய் என்றாள். செய்தேன். ஹால் பல்பு சிமிட்ட ஆரம்பித்தது. ஆப் அதைத் தேடு தேடு என்று தேடிவிட்டுக் கிடைக்கவில்லை என்றது. திரும்பச் செய்தேன், கிடைக்கவில்லை. காக்கு எட்டிப் பார்த்து, "சோட் தோ, பேட்டா ஆயேகா" என்றாள். விட்டுவிடுவதா, பிள்ளை வந்தால் டெம்போவோடு வருவான் என்றேன். அந்த வீடியோவை மறுபடி முதலிலிருந்து போட்டுப் பார்த்தேன். ரௌட்டர் ஒன்றுதான், ஆனால் அதற்கு வைஃபை பெயர் இரண்டு. கடைசியில் 5ஜி என்று போட்டிருக்கும் வேகமானதில் என் போன் இருந்தது, இந்தப் பல்புகளுக்கு அது ஆகாதாம், மற்றதுதான் பிடிக்குமாம். போனை அதற்கு மாற்றினேன். ஹால் பல்பு ஒரே முயற்சியில் வந்து உட்கார்ந்துகொண்டது. கிச்சனும் வந்தது. நான் எழுந்து நின்று கை தட்டினேன், காக்குவும் தட்டினாள்.

பெட்ரூம் பல்பு முன்பிருந்தே துடித்துக்கொண்டிருக்குமே, பழுது என்று மாற்றித் தருகிறேன் என்றாயே, அது பழுதில்லை. அப்பா படுக்கையில் பேப்பர் படிப்பதற்காகச் சுவரில் ஒரு டிம்மர் வைத்திருந்தார் அல்லவா, நீ மாட்டிய அன்றைக்கு அது பாதியில் நின்றிருந்தது. அதைக் கடைசி வரை திருகிவிட்டேன், துடிப்பு நின்றுவிட்டது, அதுவும் என் போனுக்கு வந்துவிட்டது. டிம்மரையே எடுத்துவிட்டுச் சாதா சுவிட்ச் வைத்தால் இன்னும் நல்லது என்று வீடியோப் பெண் சொல்கிறாள், அதையும் செய்வேன். அப்பா கோபித்துக்கொள்ள மாட்டார்.

பால்கனி பல்பு மட்டும் வரவில்லை. அதனுடைய ஆப்பையும் இறக்கி, அதையும் சிமிட்டவைத்து, எல்லாம் சரியாகச் செய்தும், இது வேறொருவர் பெயரில் இருக்கிறது, அவர் விடுவித்தால்தான் உண்டு என்று பதில் வந்தது. அந்த வேறொருவர் நீ. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. உன்னைக் கூப்பிட்டு, இப்போதே விடுவி என்று சொல்லப் போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனேன். சாயங்காலம் ஆகியிருந்தது. எதிர் வரிசையில் ஒவ்வொரு ஜன்னலாக வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. அங்கே நின்றபோது அந்த இருட்டு ஹாலில் நீ தனியாக உட்கார்ந்திருந்தது ஞாபகத்துக்கு வந்தது. கூப்பிடாமல் போனைக் கீழே வைத்துவிட்டேன்.

அதனால் இப்படி ஏற்பாடு. ஹால், பெட்ரூம், கிச்சன் மூன்றும் என் போனில், என் பெயரில். உன் ஆப்பில் அவை இனி தெரியாது. நான் எப்போது சமைக்கிறேன், எப்போது படுக்கிறேன் என்பது என் பாடு. தெரிய வேண்டுமானால் போனில் கேள், இல்லையென்றால் நேரில் வந்து பார். பால்கனி விளக்கு உன் பெயரிலேயே இருக்கட்டும். தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில், ஸ்வாமிக்கு ஏற்றிவிட்டு, பால்கனி சுவிட்சை நான் கையால் போடுவேன். உன் போனில் அது உயிரோடு தெரியும். பகலில் வெளியே போனால் மெயினை அணைக்கத்தான் செய்வேன், வயரிங் மாற்றும் வரை அந்தப் பழக்கத்தை விடமாட்டேன், அதனால் பகலில் அது 'ஆஃப்லைன்' என்று காட்டினால் சுவிட்ச் போடவில்லை, அல்லது அம்மா ஊர் சுற்றுகிறாள் என்று அர்த்தம். இருட்டிய பிறகும் எரியவில்லை என்றால் என்னைக் கூப்பிடு. நான் எடுக்கவில்லை என்றால் காக்குவைக் கூப்பிடு, அவளிடம் ஒரு சாவி கொடுக்கப்போகிறேன், அதனால் உள்தாழ்ப்பாளும் போட மாட்டேன். சாயங்காலம் வெளியே இருப்பதானால் முன்னாடியே உனக்கு மெசேஜ் போடுவேன், போனுக்குக் குரலும் கொடுத்துவைப்பேன். இது நான் உனக்குக் கொடுக்கும் வாக்கு. அந்த விளக்கை ஊதாவாக்க மாட்டேன் என்பது தியா எனக்குக் கொடுக்க வேண்டிய வாக்கு.

சான்பாடாவில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. வித்யா என்னைத் தாங்கு தாங்கென்று தாங்குகிறாள். ஆனால் உன் வீட்டில் எது எந்த சுவிட்ச் என்று ஒவ்வொரு தடவையும் யாரையாவது கேட்கிறேன். இங்கே கண்ணை மூடிக்கொண்டு கை போகும். கீழே இறங்கினால் காய்கறி, கோயில், ஜெயா மாமி, சண்டைக்குக் காக்கு. முடியாமல் போகும் நாள் ஒன்று வரும், எனக்குத் தெரியாதா? அன்றைக்கு நானே சொல்வேன், நீ டெம்போ கொண்டுவா, நான் மறுபேச்சுப் பேசாமல் ஏறி உட்காருகிறேன். அந்த நாள் எது என்று சொல்லும் உரிமை என்னுடையது. பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நீ முணுமுணுப்பது கேட்கிறது. உனக்கு அந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறாய்?

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் சாப்பிட வாருங்கள். புது லாட்ச் ஒன்று வாங்கி வா, கூடவே ஒரு நவ்தால் பூட்டும். லாட்சை நீயே மாட்டு, கதவை நான் பிடித்துக்கொள்கிறேன்.

கீழே வித்யாவின் குரல் கேட்கிறது, வாட்ச்மேனிடம் பேசிக்கொண்டிருக்கிறாள். இருட்டிக்கொண்டு வருகிறது. ஸ்வாமிக்கு ஏற்றியாயிற்று. இந்தக் கடிதம் உன்னிடம் வந்து சேருவதற்குள் உன் போனில் ஒரு விளக்கு எரிய ஆரம்பித்திருக்கும். அதைப் பார்த்ததும் வேறெதுவும் யோசிக்காதே. அம்மா வீட்டில் இருக்கிறாள்.

இதோ, எழுந்து போய்ப் போடுகிறேன்.

அம்மா